முதுவேனில் தோட்டம்: பறிப்பும் பூவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருச்சியில். மாடியில் 40 சொச்சம் தொட்டிகளும் பைகளும், கீழே சுற்றுச்சுவரை ஒட்டி ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு மண் தரையும் இருக்கின்றன. வைகாசி பாதி தாண்டினால் போதும், தெருவில் தோட்டம் வைத்திருப்பவர்களும் சொந்தக்காரர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆடி முடியும்வரை அது ஓயாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதுவேனில் என்று எந்த மாதங்களைச் சொல்கிறீர்கள்?

நம் ஆறு பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். தோட்டத்து நடைமுறையில் அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்த பிறகு ஆடிப்பெருக்கு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை மறிப்பதால் இந்தப் பக்கம் நமக்குக் காற்றுதான் வரும், மழை என்பது என்றைக்காவது ஒரு சாயங்காலம் இடியோடு கொட்டிவிட்டுப் போவதோடு சரி. ஜூன் மாதத்திலும் இங்கே 37, 38 டிகிரி சாதாரணம். கத்திரி போய்விட்டது, வெயில் போகவில்லை. இந்த இரண்டு மாதத் தோட்டத்துக்கு என்று தனி ருசி உண்டு, அதைப் பலர் அனுபவிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

கத்திரி வெயிலில் செடியெல்லாம் காய்ந்து நிற்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடிப்பட்டத்துக்கு மண்ணைத் தயார் செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தச் செடி சாகவில்லை, வெயிலுக்குப் பதுங்கியிருக்கிறது. மாசியில் நட்ட கத்தரியைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டி, இரண்டு கை மண்புழு உரம் போட்டு, காய்ந்த இலையால் மண்ணை மூடி வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவுக்குக் கணு துளிர்க்கும், ஒரு மாதத்தில் பூ வந்துவிடும். இப்படி மறுதாம்பில் வரும் கத்தரிக்காய் கொஞ்சம் சிறிதாக இருக்கும், எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதைவிடப் பொருத்தமான காய் கிடையாது. வெண்டை உச்சியில் காய்ப்பதை நிறுத்தியிருந்தாலும் கீழே பக்கக் கிளை விடும், அதற்கும் பதினைந்து நாள் கொடுங்கள்.

கொத்தமல்லி, பாலக், முள்ளங்கி இவற்றையெல்லாம் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், சூட்டில் பூவெடுத்துவிடும். ஆனால் பூவெடுத்த கொத்தமல்லியை மட்டும் உடனே பிடுங்காதீர்கள், அந்த வெள்ளைப் பூவுக்குக் கொசுத்தேனீ மொய்க்கும். பக்கத்தில் பாகல் கொடி இருந்தால் அதற்கும் அது லாபம்.

இந்தச் சமயத்தில் என்னதான் பறிக்கலாம்?

வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி. பந்தலில் பாகல், பீர்க்கு, புடலை, சுரை, கோவை. கீரையில் தண்டுக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. முருங்கை கடைசிக் காய்கள். இடம் இருந்து மாமரம் வைத்தவர்களுக்கு நீலம். பங்கனப்பள்ளியும் செந்தூரமும் ஓய்ந்த பிறகு ஜூன், ஜூலையில் வருவது அதுதான். ஒரு மழை பெய்துவிட்டால் நீலத்தில் பழ ஈயும் வண்டும் சேர்ந்துகொள்ளும், அதனால் முற்றிய காயை மழைக்கு முன்பே காம்போடு பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள்.

அளவு குறைவாக இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் ஒரு கூடை வரும் இடத்தில் இப்போது ஒரு கிண்ணம்தான் வரும். மிளகாய் மட்டும் அந்தக் கிண்ணத்திலேயே இரண்டு மடங்கு காரத்தோடு இருக்கும், வழக்கமாகப் போடும் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

எந்த நேரத்தில் பறிப்பது நல்லது?

காய் எல்லாவற்றுக்கும் விடியற்காலை, ஆறிலிருந்து ஏழு. இரவு முழுக்கச் செடி தண்ணீர் ஏற்றி வைத்திருக்கும், காய் கனமாக, விறைப்பாக இருக்கும். அதே வெண்டைக்காயைப் பதினோரு மணிக்குப் பறித்தால் கையிலேயே துவளும். கீரைக்கு இது இன்னும் பொருந்தும்.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பார்க்க வேண்டும். பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும், இந்தச் சூட்டில் ஒரு நாள் தவறினாலும் நார் விழுந்துவிடும். இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அது விரல் நீளத்திலிருந்து முழ நீளத்துக்குப் போய்விடும். அப்படி ஒன்று முற்ற ஆரம்பித்தால் செடி அதற்கே சக்தியைக் கொடுத்துப் புதுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். கையால் இழுக்காதீர்கள், கத்தரிக்கோலால் காம்பை வெட்டுங்கள். வெண்டை, கத்தரி இரண்டுக்குமே காம்பு முரடு, இழுத்தால் பட்டை உரிந்துகொண்டு வரும்.

கறிவேப்பிலையை இலை இலையாகக் கிள்ளாமல் கிளையாக ஒடியுங்கள். ஒடித்த இடத்தில் இரண்டு மூன்று துளிர் வரும்.

பந்தல் நிறைய மஞ்சள் பூ. ஒரு காய்கூட இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். பாகல், பீர்க்கு, புடலை, சுரை, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். சூடு அதிகமாக இருந்தால் கொடி ஆண் பூவாகவே தள்ளும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் காய் இல்லை என்றால் பொறுத்திருங்கள். பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம், அப்போது நாம்தான் கை கொடுக்க வேண்டும்.

அங்கேதான் நேரம் முக்கியம். பலர் காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போய், வாடிப்போன பீர்க்கம்பூவைப் பிடித்துத் தேய்த்துவிட்டு, ஒன்றும் பலிக்கவில்லை என்கிறார்கள். பீர்க்கு பூப்பது சாயங்காலம், ஐந்தரை ஆறு மணிக்கு. சுரையும் அந்தி சாய்ந்துதான் பூக்கும், அதன் வெள்ளை நிறமே இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காக. புடலையும் இரவுப் பூ. பூசணி விடிவதற்கு முன்பே திறந்து ஒன்பது பத்து மணிக்கு மூடிவிடும். பாகல் மட்டும் காலை வெயிலோடு திறந்து நமக்கு வசதியான நேரத்தில் நிற்கும். அன்று புதிதாக மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு வையுங்கள். மூன்றாம் நாள் பிஞ்சு தடித்திருந்தால் பலித்துவிட்டது.

புடலை பூப்பதை ஒருமுறையாவது நின்று பாருங்கள். மொட்டுக்குள் வெள்ளை நூலைச் சுருட்டி அடைத்து வைத்தது போல இருக்கும். இருட்ட ஆரம்பித்ததும் ஐந்து இதழ் விரியும், ஒவ்வொரு இதழின் ஓரத்திலிருந்தும் அந்த நூல் பிரிந்து பிரிந்து தொங்கும், கடைசியில் பூவைச் சுற்றிச் சல்லடை மாதிரி ஒரு குஞ்சலம் நிற்கும். கால் மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்தால் கண்ணெதிரிலேயே நடக்கும். எங்கள் வீட்டில் மின்வெட்டு வந்த ஓர் இரவில்தான் நான் இதை முதன்முதலில் பார்த்தேன், அதற்கு முன் நாலு வருடம் புடலை வளர்த்தும் தெரியாது. இப்போது முதல் பூ வரும் வாரத்தில் வீட்டில் எல்லோரும் மாடிக்கு வந்துவிடுகிறோம்.

சுரைக்காய் கசக்கிறது. சமைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. தூக்கிப் போடுங்கள். பாகற்காய்க் கசப்பு வேறு, சுரை, பீர்க்கு, வெள்ளரியில் வரும் கசப்பு வேறு. வெயிலாலும் தண்ணீர்ப் பற்றாக்குறையாலும் செடி வாடும்போது இந்தக் காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற பொருள் கூடிவிடும். அது நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, மோசமானால் வயிற்றில் ரத்தக்கசிவு வரை போகும், வேகவைத்தாலும் போகாது. நறுக்கும்போதே நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். உடம்புக்கு நல்லது என்று கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அந்தக் கொடியில் விதையும் எடுக்க வேண்டாம்.

தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுகிறதே?

பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளியில் மகரந்தம் வலுவிழந்துவிடும், பூ உதிரும். மருந்து எதுவும் தேவையில்லை. செடியை நிழலுக்கு நகர்த்தி உயிரோடு வைத்திருங்கள், சூடு தணிந்ததும் காய்க்கும்.

மல்லிகை நிறையப் பூக்க என்ன செய்வது? எப்போது பறிப்பது?

குண்டுமல்லிக்கு இதுதான் காலம். பங்குனியில் ஆரம்பித்து ஆவணி வரை விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். மதுரை, திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூத்து விலை சரிவதும் இந்த வெயில் மாதங்களில்தான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தடித்த இதழும் நின்று மணக்கும் வாசனையும் அந்த மண்ணுக்கே உரியவை என்பார்கள், இருக்கட்டும். நம் வீட்டுத் தொட்டியில் பூக்கும் பத்துப் பூவுக்கும் குறை ஒன்றும் இல்லை.

மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலும் நுனியில் இரண்டு கணுவை வெட்டிவிடுங்கள், மூன்று நான்கு வாரத்தில் அடுத்த சுற்று வரும். ஆழமாக வெட்டுவது கார்த்திகையில் மட்டும் போதும். எட்டு மணி நேரம் நேர் வெயில் படும் இடத்தில் இருக்க வேண்டும். இலையாகத் தழைத்துப் பூக்கவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் காரணம் நிழல்தான். மொட்டு விரியாமல் ஊதா நிறமாகிக் கருகினால் உள்ளே ஈயின் புழு இருக்கும், அந்த மொட்டுகளைக் கிள்ளி எடுத்து மண்ணில் போடாமல் வெளியேற்றிவிடுங்கள், மண்ணில் விழுந்தால் அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும்.

பறிப்பது: சந்தைக்கு அனுப்புகிறவர்கள் விடியற்காலையிலேயே மொட்டாகப் பறித்துவிடுவார்கள். வீட்டுக்கு என்றால் சாயங்காலம் நாலு மணி. அன்று விரியப்போகும் மொட்டு பச்சை போய்ப் பால்வெள்ளையாகித் தடித்திருக்கும், நாளைய மொட்டில் காம்புப் பக்கம் லேசான பச்சை தெரியும். அதை விட்டுவிடுங்கள். ஐந்து மணிக்குள் பறித்து, ஈர நூலில் நெருக்கமாகக் கட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஏழரை எட்டு மணிக்குச் சரம் முழுக்க ஒரே சேர விரியும். என் மாமியார் கட்டும்போது இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து முடிச்சை விரலாலேயே இறுக்குவார், பேச்சு பேசிக்கொண்டே ஒரு முழம் ஆகிவிடும். எனக்கு இன்னும் அந்த வேகம் வரவில்லை, ஆனால் ஆனி மாதம் முழுக்க அந்த அரை மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மல்லி தவிர வேறு என்ன பூ இருக்கும்?

நித்தியகல்யாணி, அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, காகிதப்பூ. இவை எந்த வெயிலுக்கும் சளைக்காது. டேபிள் ரோஸ், நாங்கள் பத்து மணிப்பூ என்போம், வெயில் ஏறியதும் திறந்து பிற்பகலில் மூடிவிடும். மேகம் மூடிய நாளில் திறக்கவே மாட்டேன் என்று நிற்கும். வேலைக்குப் போகிறவர்கள் இதை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்.

மழை லில்லி வைத்திருக்கிறீர்களா? வருடம் முழுக்கப் புல் மாதிரிக் கிடக்கும், கோடை மழை ஒன்று பெய்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தொட்டி நிறைய இளஞ்சிவப்பாக எழும்பி நிற்கும். குழாய்த் தண்ணீர் எவ்வளவு விட்டாலும் இப்படி வருவதில்லை.

மனோரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூ பச்சையாக இலையோடு இலையாகத் தொங்கும், கண்ணால் தேடினால் கிடைக்காது. மஞ்சளாகப் பழுக்க ஆரம்பிக்கும் அன்று அந்தியில் பழவாசனை தெருவரைக்கும் போகும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பூவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு பூவைப் பறித்துத் துணி அலமாரியில் வையுங்கள். கொடிக்கு இடம் நிறைய வேண்டும், தொட்டியில் வேண்டாம், மண் தரை இருந்தால் மட்டும்.

செங்காந்தள் கிழங்கு இருந்தால் இப்போதுதான் முளைக்கும், பூ மழைக்காலத்தில். கிழங்கு கடும் நஞ்சு, குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் யோசித்து வையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு, எப்போது?

காலை ஏழு மணிக்குள் ஒருமுறை நன்றாக, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தேவைப்பட்டால் கொஞ்சம். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாலையில் விட வேண்டாம். மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பயந்து ஊற்றாதீர்கள், சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது தாகம் இல்லை, வெயிலுக்கு இலையை மடக்கியிருக்கிறது.

ஒன்று மட்டும் எல்லோரும் மறக்கிறார்கள். மாடியில் கிடக்கும் ரப்பர் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், கறுப்புத் தொட்டி என்றால் சொல்லவே வேண்டாம். முதலில் வாளியில் பிடித்து விட்டு, தண்ணீர் குளிர்ந்ததும் செடிக்குத் திருப்புங்கள். நட்டு ஒரு வாரமான நாலு மிளகாய் நாற்றை இப்படிச் சுடுதண்ணீரில் நான் பறிகொடுத்திருக்கிறேன். மண்ணின் மேல் நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் மூடாக்குப் போட்டால் பாதித் தண்ணீர்க் கவலை தீரும். நிழல் வலை கட்டியிருந்தால் ஆனி கடைசியில் அவிழ்த்துவிடுங்கள்.

மாவுப்பூச்சி, பழ ஈ இரண்டும் உயிரை வாங்குகின்றன.

மாவுப்பூச்சிக்கு முதல் மருந்து தண்ணீர். குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சியடித்தால் பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையில் அடித்தால் தேனீக்குக் கெடுதல். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது அதுதான்.

பழ ஈ பாகல், புடலைப் பிஞ்சில் முட்டையிடும். பிஞ்சு பிடித்த இரண்டு மூன்று நாளில் பழைய செய்தித்தாளையோ மெல்லிய துணிப்பையையோ காய்க்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுங்கள். புழு வைத்த காயை உரக்குழியில் போடவே கூடாது. பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள்.

உரமாகக் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கணக்கில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கிறேன். இந்த வெயிலில் அதற்கு மேல் ஒன்றும் கொடுப்பதில்லை.

நாலு வெண்டைக்காய், இரண்டு கத்தரிக்காய் என்று வருகிறது. இதை வைத்து என்ன சமைப்பது?

தனித்தனியாக எண்ணினால் ஒன்றுக்கும் போதாது. சேர்த்தால் கதம்பச் சாம்பார். நாலு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு கைப்பிடி கொத்தவரை, ஒரு முருங்கைக்காய், தேங்காய் வறுத்து அரைத்துவிட்டு இறக்கினால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். பாகற்காய் இரண்டுதான் இருக்கிறது என்றால் பிட்லை, பருப்பும் தேங்காயும் அதைப் பெரிதாக்கிவிடும். பீர்க்கங்காய் ஒன்று போதும், காய் கூட்டுக்கு, சீவிய தோல் துவையலுக்கு. பறித்த ஒரு மணி நேரத்தில் அடுப்பேறும் பீர்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை, உப்பு போட்டதும் அதுவே விட்டுக்கொள்ளும்.

மிஞ்சினால் எதிர்வீட்டுக்குக் கொடுங்கள். நான் இரண்டு சுரைக்காய் கொடுத்த எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தை வெறுமனே திருப்பியதே இல்லை. மறுநாள் சுரைக்காய் அடையாகவோ பால்கூட்டாகவோ ஒரு பங்கு வந்து சேரும்.

வற்றல் போட இன்னும் காலம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனி பாதி வரை தாராளமாகப் போடலாம். சாயங்கால மழைக்கு மட்டும் கண்ணை வைத்திருக்க வேண்டும்.

சுண்டைக்காயை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்துச் சேர்த்து வைக்காதீர்கள், பறித்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். காம்பை ஆய்ந்து, ஒவ்வொன்றையும் அம்மிக் குழவியால் லேசாகத் தட்டி வாய் பிளக்க வேண்டும், நசுங்கக் கூடாது. தண்ணீரில் அலசினால் விதை கொஞ்சம் வெளியேறிக் கசப்பு குறையும். நன்றாகப் புளித்த மோரில் உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்துப் பாயில் பரப்பி, அந்தியில் எடுத்து அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்கக் காய்க்குள் ஏறும்வரை இப்படி நாலைந்து நாள். கடைசியில் கல்கல்லென்று சத்தம் வரக் காய்ந்ததும் கண்ணாடி பாட்டிலில் போட்டால் அடுத்த கோடை வரை இருக்கும். மோர் மிளகாய்க்கும் இதே முறை, நுனியில் ஒரு கீறல் மட்டும்.

கொத்தவரை கை நழுவி முற்றிப்போனால் வற்றலுக்கும் ஆகாது, அதை விதைக்கு விடுங்கள். பிஞ்சாக இருந்தால் உப்பு, மஞ்சள் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்துங்கள். மணத்தக்காளியில் பச்சைக் காய் வற்றலுக்கு, கறுத்த பழம் பறித்த இடத்திலேயே வாயில் போடுவதற்கு. எங்கள் வீட்டில் பழம் சமையலறைவரை வந்ததே இல்லை, பிள்ளைகள் செடிக்கடியிலேயே முடித்துவிடுவார்கள்.

அணிலும் பறவையும் பழத்தை விட்டுவைப்பதில்லை. விரட்ட வழி?

கோவையும் மாதுளையும் வேண்டுமென்றால் துணிப்பை கட்டுங்கள். கறிவேப்பிலைப் பழத்தை அவற்றுக்கே விட்டுவிடுங்கள். இந்த மாதங்களில் கொத்துக் கொத்தாகக் கறுத்துப் பழுக்கும், குயிலும் சின்னானும் வரிசை கட்டி வரும். கீழே விழுந்த பழத்தின் விதையை உடனே ஊன்றினால் நாற்று நிச்சயம், நாள் கடந்தால் முளைப்பு குறையும். அகலமான மண்தட்டில் தண்ணீரும், தேனீ உட்கார நாலு கூழாங்கல்லும் வையுங்கள், தினமும் மாற்றினால் கொசு வராது.

ஆடிக்காற்றுக்குப் பந்தல் தாங்குமா?

அம்மியே பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. காவிரிப் பக்கம் ஆனி பாதியிலேயே காற்று பிடித்துவிடும். கைப்பிடிச் சுவரை ஒட்டி உயரமான செடிகளை வைக்காதீர்கள், கீழே போகிறவர்கள் தலையில் விழும். பந்தலின் கால்களைக் கயிற்றால் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டுங்கள். கம்பியைவிடத் தென்னங்கயிறு நல்லது, கொடியை அறுக்காது. வெண்டைக்கும் கத்தரிக்கும் குச்சி ஊன்றி எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள்.

விதைக்கு எதை விடுவது, எப்படி எடுப்பது?

கடைசியாக மிஞ்சிய காயை விதைக்கு விடுவதுதான் வழக்கமாகிவிட்டது. மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலிலும் வாடாமல் நின்ற செடி எது என்று இந்த மாதங்களில்தான் தெரியும். அந்தச் செடியில், நல்ல காய் ஒன்றில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் தவறிப் பறிக்க மாட்டார்கள். வெண்டை மரநிறமாகி வரிவரியாக வெடிக்கும்வரை செடியிலேயே இருக்கட்டும். கத்தரி முழுக்க மஞ்சளாகிப் பஞ்சு மாதிரி ஆனதும் எடுத்துத் தண்ணீரில் பிசைந்து, மிதக்கும் விதையை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதை எடுங்கள். சுரை, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்வரை. பாகல், ஆரஞ்சு நிறத்தில் பிளந்ததும்.

எல்லாவற்றையும் நிழலில் ஆறேழு நாள் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி பாட்டிலில் போடுங்கள். கடையில் வாங்கிய எஃப்1 ஒட்டு விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது, நாட்டு விதையில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் வேறு வெண்டை ரகம் இருந்தால் பூச்சி கலந்துவிடும், அதனால் விதைக்கு வைக்கும் மொட்டை முந்தின நாள் மாலையே ஒரு சின்னத் துணியால் மூடிக் கட்டிவிடுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள். எல்லாத் தொட்டியும் நிரம்பியிருக்கிறதே, எங்கே விதைப்பது?

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் இப்போது தொட்டியே வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையிலோ காகிதக் கோப்பையிலோ நாற்று விட்டுப் பந்தல் நிழலில் வையுங்கள். நாற்று 25, 30 நாளில் நடவுக்கு வருவதற்குள் பழைய செடிகள் தாமாகவே ஓய்ந்திருக்கும். ஓய்ந்த செடியைப் பிடுங்காமல் மண்ணோடு அறுத்துவிடுங்கள், வேர் உள்ளேயே மக்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

வெண்டை, கொத்தவரை, அவரையை நேராகவே பழைய செடியின் காலடியில் ஊன்றலாம். போன வருடம் ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விட்டு வந்த கையோடு, அப்போதும் காய்த்துக்கொண்டிருந்த பீர்க்கின் தொட்டி ஓரத்தில் மூன்று அவரை விதை போட்டேன். ஆவணி கடைசியில் பீர்க்கு கடைசிக் காயைக் கொடுத்தபோது அவரை அதே கயிற்றைப் பிடித்துப் பந்தலின் பாதிக்குப் போயிருந்தது, தை மாதம் பொங்கலுக்கு அதில்தான் காய் பறித்தோம்.